லேபிளில் லோகோ: பழைய கணினியும் ஒரு பழைய வங்கிக்காரனும்

ஊரில் என்னை இன்னும் ‘பேங்க் சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. செய்யாறு பக்கம் அப்பா விட்டுப்போன நாலரை ஏக்கரில் தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் போடுகிறேன். மேட்டில் நிலக்கடலை, வரப்பில் உளுந்தும் துவரையும். விளைவிக்க ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டேன். விளைந்ததை விற்கத்தான் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் படித்த ஒரு பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். லேபிளில் லோகோ வைப்பது எப்படி என்று நம் கூட்டங்களில் நிறையப் பேர் கேட்கிறார்கள். எப்படி என்று சொல்லித் தருகிறேன். அதில் நான் பண்ணிய தப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுசாகும்.

எதற்கு இந்த வேலை?

முதல் இரண்டு வருடம் அரிசியைப் பையில் கட்டி, ஒரு சீட்டில் பேனாவால் ‘தூயமல்லி, 1 கிலோ’ என்று எழுதி உள்ளே போட்டுவிடுவேன். தெரிந்தவர்களுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போக ஆரம்பித்தபோது போதவில்லை. யார் விளைவித்தது, எப்போது அரைத்தது, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதானே?

அச்சகத்தில் விசாரித்தேன். ஆயிரம் லேபிளுக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றார்கள். நான் ஒரு தடவைக்கு அரைப்பதே நூறு கிலோ. பாக்கெட் போட்ட மாதமும் விலையும் ஒவ்வொரு தடவையும் மாறும். ஆயிரம் லேபிளை வாங்கி நான் என்ன செய்ய?

வீட்டில் மகன் விட்டுப்போன கணினி ஒன்று இருந்தது. விண்டோஸ் 7. அதில் வேர்ட் 2007. பக்கத்தில் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். “இதெல்லாம் பழசுப்பா, தூக்கிப் போட்டுட்டு லேப்டாப் வாங்கிக்கோங்க” என்றான் மகன். அதெப்படி? அப்பா ஓட்டிய ஏர்க் கலப்பையே இன்னும் கொட்டகையில் இருக்கிறது. இந்தக் கணினியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் கவனம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புப் புதுப்பித்தல் நின்றுவிட்டது. அதனால் என் கணினியை இணையத்தில் இணைப்பதே இல்லை. லேபிள் அடிக்க இணையம் எதற்கு?

கட்டம் சரியாக விழ

கடையில் ஏ4 அளவில் ஸ்டிக்கர் தாள் கிடைக்கும். ஒரு தாளில் 12 ஸ்டிக்கர் உள்ளதை நான் வாங்குகிறேன். ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் அகலம், 44 மில்லிமீட்டர் உயரம். வாங்கும்போது ‘லேசருக்கானது’ என்று கேட்டு வாங்குங்கள். இங்க்ஜெட் பிரிண்டர் மை ஈரக்கை பட்டால் கலங்கிவிடும். எண்ணெய்ப் பாட்டிலுக்கு அது ஆகவே ஆகாது.

வேர்டில் மேலே ‘மெயிலிங்ஸ்’ என்று இருக்கும். அதில் ‘லேபிள்ஸ்’, அதற்குள் ‘ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘நியூ லேபிள்’. அங்கே அளவுகளைக் கேட்கும். ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு தாளை நீங்களே அளந்து போடுங்கள். மேலே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, பக்கத்தில் எவ்வளவு, ஒரு லேபிளின் உயரம், அகலம், குறுக்கே எத்தனை, கீழே எத்தனை என்று வரிசையாகக் கேட்கும். ‘பிட்ச்’ என்று கேட்பதுதான் பலருக்குக் குழப்பம். ஒரு லேபிளின் தொடக்கத்திலிருந்து அடுத்த லேபிளின் தொடக்கம் வரை உள்ள தூரம் அது. நாற்று நடும்போது குத்துக்குக் குத்து அளப்போமே, அதே கணக்கு. இடைவெளியை மட்டும் அளந்து போட்டால் கணக்கு தவறிவிடும்.

அதே பெட்டியில் தாள் அளவு ‘லெட்டர்’ என்று இருந்தால் ‘ஏ4’ ஆக்குங்கள். லெட்டர் தாளின் உயரம் 279 மில்லிமீட்டர், ஏ4 தாளின் உயரம் 297. இதைக் கவனிக்காமல் முதல் நாள் பத்துத் தாளை வீணாக்கினேன். மேல் வரிசை சரியாக விழும், கீழே போகப் போக எழுத்து கோட்டை விட்டு விலகும்.

‘நியூ டாக்குமென்ட்’ அழுத்தினால் 12 கட்டம் வரும். முதலில் சாதாரண வெள்ளைத் தாளில் அடித்து, அதை ஸ்டிக்கர் தாளின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கோடும் எழுத்தும் ஒத்துப்போனால் ஸ்டிக்கர் தாளைப் போடலாம். வங்கியில் பாஸ்புக் அடிக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவன் நான். வரி விலகினால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் என்ன பேச்சு பேசுவார் என்று தெரியும்!

இன்னொன்று. பாதி ஸ்டிக்கர் உரித்த தாளைத் திரும்ப லேசர் பிரிண்டரில் விடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டில் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மெக்கானிக்குக் கொடுக்கும் காசில் ஒரு மூட்டை கடலைப் பிண்ணாக்கு வாங்கிவிடலாம்.

படம் ஏன் கீற்றாகத் தெரிகிறது?

எழுத்து மட்டும் இருந்த லேபிள் சரியாக வந்துவிட்டது. அடுத்து லோகோ. எங்கள் கிணற்று மேட்டுப் பனையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். வீட்டுக்காரம்மா அதை ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். கோலம் போட்டுப் பழகிய கை. ஒரு கூடு, வாசலில் ஒரு குருவி, பக்கத்தில் ஒரு நெற்கதிர். அதுதான் எங்கள் அடையாளம் என்று முடிவு செய்தோம்.

கைப்பேசியில் படம் எடுத்துக் கணினியில் ஏற்றினேன். அடித்தால் குருவி சாம்பல் மேட்டில் புரண்டு எழுந்த மாதிரி வந்தது. டிடிபி கடைத் தம்பிதான் வழி சொன்னார். “சார், பென்சில்ல வரையாதீங்க. கறுப்புப் பேனால, வெள்ளைப் பேப்பர்ல பெருசா வரைஞ்சு ஸ்கேன் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல அனுப்புனா படம் சுருங்கிடும், பென்டிரைவ்ல கொண்டுவாங்க” என்றார். அப்படியே செய்தோம். கணினியில் உள்ள பெயின்ட் மென்பொருளில் திறந்து, ‘மோனோகுரோம் பிட்மேப்’ என்ற வகையில் சேமித்தோம். நடுவில் சாம்பல் நிறமே இல்லாமல் கோடு பளிச்சென்று வந்தது. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 2 சென்டிமீட்டர் லோகோவுக்கு 240 புள்ளி அகலம் இருந்தால் போதும். நிறமுள்ள படம் என்றால் ‘பி.என்.ஜி.’ வகையில் கேளுங்கள். இப்போது இணையத்தில் கிடைக்கும் ‘வெப்பி’, ‘எஸ்.வி.ஜி.’ படங்களைப் பழைய வேர்டுக்குத் திறக்கத் தெரியாது.

லோகோவை லேபிளில் வைத்தேன். குருவியைக் காணோம். நூல் அகலத்துக்கு ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. இரண்டு ராத்திரி மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் சின்னது. வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ என்று இருந்தால், வேர்டு அந்த வரி உயரத்துக்குமேல் உள்ள படத்தை வெட்டிவிடும். ‘பாரகிராஃப்’ பெட்டியில் அதைச் ‘சிங்கிள்’ என்று மாற்றினேன். குருவி கூட்டோடு வந்து உட்கார்ந்தது.

அடுத்த சிக்கல், படம் நகர்ந்து போவது. படத்தைத் தொட்டு, ‘டெக்ஸ்ட் ராப்பிங்’ என்பதில் ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் முதல் கட்டத்தில் வைத்த லோகோ மூன்றாவது கட்டத்தில் போய் நிற்கும். நான் என்ன செய்கிறேன் என்றால், லேபிள் கட்டத்துக்குள்ளேயே இரண்டு பத்தி கொண்ட சின்ன அட்டவணை ஒன்று போட்டுக்கொள்கிறேன். இடது பக்கம் லோகோ, வலது பக்கம் எழுத்து. இரண்டும் ஒன்றையொன்று தள்ளாது.

முதல் கட்டம் திருப்தியான பிறகு, அதை நகலெடுத்து மற்ற 11 கட்டத்திலும் ஒட்டினால் முடிந்தது. வேர்டு இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் போட்டுக்கொள்ளலாம். அதில் லேபிள் உருவாக்கும்போதே ‘சிங்க்ரனைஸ்’ என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தால், முதல் கட்டத்தை மாற்றி ஒரு பொத்தானை அழுத்தியதும் எல்லாக் கட்டமும் மாறிவிடும்.

தமிழ் எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். லதா எழுத்துரு பழைய விண்டோஸிலேயே இருக்கிறது. கடையில் பழைய முறை எழுத்துருவில் அடித்து வாங்கிவந்தால், உங்கள் கணினியில் ‘தூயமல்லி’ ஏதோ ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

சந்தையில் கேட்ட கேள்வி

இதுவரை சொன்னது கைவேலை. ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் யாருக்கும் வந்துவிடும். எனக்கும் வந்துவிட்டது. அந்தக் குஷியில்தான் தப்பு நடந்தது.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்பு உத்தரவாத முறையில் குழுவாகப் பதிந்திருக்கிறோம். ஒருவர் நிலத்தை மற்றவர்கள் நேரில் பார்த்து உறுதி சொல்லும் முறை அது. இயற்கைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு ‘பி.ஜி.எஸ். இந்தியா கிரீன்’ என்ற முத்திரை. முழுதாக மாறி முடித்த நிலத்துக்கு ‘பி.ஜி.எஸ். இந்தியா ஆர்கானிக்’. எங்கள் குழுவில் ஐந்து பேருக்கு ஆர்கானிக். எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் அப்போது கிரீன்தான்.

குருவியின் பக்கத்தில் இந்த முத்திரையும் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று தோன்றியது. குழு நண்பர் ஒருவரின் கடலை எண்ணெய் லேபிள் கையில் இருந்தது. அதிலிருந்த முத்திரையை ஸ்கேன் செய்து, என் லேபிளில் வைத்து, 12 கட்டத்திலும் ஒட்டி, 40 தாள் அடித்துவிட்டேன். 480 லேபிள். என் பிரிண்டரில் எல்லாம் கறுப்பு. முத்திரை கட்டைவிரல் நக அளவு. அதில் என்ன எழுத்து இருக்கிறது என்று நான் கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு சந்தைக்கு வந்த ஒரு டீச்சரம்மா பார்த்தார். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், போன மாசம் உங்க நிலம் இன்னும் மாறிக்கிட்டு இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. இதுல ஆர்கானிக்னு முத்திரை இருக்கே. முடிஞ்சிருச்சா?” என்றார்.

அவர் குற்றம் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

தெரியாமல் நடந்தது என்று இங்கே எழுதிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மைதான். என் சான்றிதழ் பீரோவில் இருந்தது. எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வங்கியில் ரப்பர் ஸ்டாம்பை மேஜை மேல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போன கிளார்க்கைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறேன். ‘முத்திரைன்னா விளையாட்டாய்யா?’ என்று கேட்டிருக்கிறேன். அதே நான், இன்னொருவர் முத்திரையை எடுத்து 480 தடவை குத்திவிட்டேன்.

அன்றைக்கு மீதியிருந்த பாக்கெட்டை மூட்டையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யாருக்கு என்ன விற்றேன் என்று நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் வங்கி கொடுத்தது. அந்த மூன்று வாரத்தில் வாங்கிய 60 சொச்சம் பேரில் கைப்பேசி எண் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு பேர் அரிசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். காசைக் கொடுத்துவிட்டேன். மற்றவர்கள், “அரிசி நல்லாத்தான் இருக்கு சார், பரவாயில்ல” என்றார்கள். அந்தப் ‘பரவாயில்ல’தான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் குழுவில் மூத்தவர், பள்ளிக்கூடம் நாலாவதோடு நின்றவர், மெதுவாகச் சொன்னார்: “பேங்க் சாரே, அந்தப் படம் உங்களுது இல்ல. எங்களுதும் இல்ல. எட்டுப் பேரும் சேர்ந்து போட்ட கையெழுத்து அது. ஒருத்தர் மாத்திப் போட்டா எட்டுப் பேருக்கும்தான் செல்லாது.”

வேறு எந்த நடவடிக்கையும் அவர்கள் எடுக்கவில்லை. அடுத்த முறை என் நிலத்தைப் பார்க்க வந்தபோது வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்கள். பக்கத்து வயலிலிருந்து தண்ணீர் இறங்கும் மடை வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். எனக்கு வருத்தமில்லை. பார்க்கத்தான் வேண்டும்.

மூன்று வகைப் படம்

அதற்குப் பிறகு லேபிளில் வைக்கும் படங்களை மனதில் மூன்றாகப் பிரித்துக்கொண்டேன்.

ஒன்று, நம்முடைய படம். குருவி, கலப்பை, பாட்டி முகம், எதுவாகவும் இருக்கலாம். நாமே வரைந்ததாக இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்தால் அது யாருடையதோ.

இரண்டு, சட்டம் வைக்கச் சொல்லும் படம். பாக்கெட் போட்டு விற்கும் சைவ உணவுக்குப் பச்சைக் கோட்டுச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் வேண்டும். பாக்கெட்டின் முகப்புப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை என்றால் வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மில்லிமீட்டர். 100-க்கு மேல் 500 வரை 4 மில்லிமீட்டர். சதுரத்தின் பக்கம் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு. நிறம் பச்சையாகத்தான் இருக்க வேண்டும். கறுப்பு பிரிண்டரில் அடித்த கறுப்பு வட்டம் அந்தக் குறியே இல்லை. இதையும் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. குறியின் பக்கத்தில் போடும் 14 இலக்க எண் உங்களுடைய எண்ணாக இருக்க வேண்டும். ஆட்டிக் கொடுத்த செக்குக்காரர் எண்ணை உங்கள் எண்ணைப்போலப் போடக்கூடாது.

மூன்று, அடுத்தவர் நமக்காக உறுதி சொல்லும் படம். பி.ஜி.எஸ். முத்திரைகள், ஜைவிக் பாரத், இந்தியா ஆர்கானிக் எல்லாம் இந்த வகை. சான்று கையில் இருந்தால்தான் போடலாம். எந்த நிலத்துக்கு, எந்தப் பயிருக்கு, எந்த நிலைக்குச் சான்று இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் போடலாம். நாமே விளைவித்ததை நாமே நேரடியாகச் சாப்பிடுபவருக்கு விற்றால் சான்று கட்டாயமில்லை என்று 2017-ஆம் ஆண்டின் இயற்கை உணவு விதிகளில் விலக்கு உண்டு. அந்த விலக்கு விற்பதற்குத்தான். சான்று இல்லாதவர் முத்திரையைப் போட்டுக்கொள்ள அது அனுமதி ஆகாது.

இப்போது எப்படிச் செய்கிறேன்?

பச்சைக்காக அச்சகத்துக்கே திரும்பப் போனேன். இந்த முறை வேறு மாதிரி. குழுவில் நாலு பேர் சேர்ந்து ஸ்டிக்கர் தாளாகவே கொடுத்து, மாறாத விஷயங்களை மட்டும் நிறத்தில் அடிக்கச் சொன்னோம். பச்சைக் குறி, அவரவர் லோகோ, அவரவர் பெயர், முகவரி. தேதியும் விலையும் இல்லாததால் மிஞ்சினாலும் கெட்டுப்போகாது. காசோலைப் புத்தகம் மாதிரிதான். அச்சடித்தது ஒரு பக்கம், நிரப்புவது ஒரு பக்கம்.

மாறுகிற விஷயங்களைப் பழைய வேர்டில் நானே நிரப்புகிறேன். பொருளின் பெயர், நிகர எடை, பாக்கெட் போட்ட மாதம், வருடம், எதுவரை பயன்படுத்தலாம், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, லாட் எண். லாட் எண்ணை வைத்து என் நோட்டைப் புரட்டினால் எந்த வயல், எப்போது அறுத்தது, எப்போது அரைத்தது எல்லாம் வந்துவிடும்.

சான்று முத்திரையை மட்டும் அச்சகத்தில் அடிக்கக் கொடுக்கவில்லை. நிலை மாறினால் தாள் முழுக்க வீண். சும்மா கிடந்தால் கை அரிக்கும். முத்திரைப் படங்கள் குழுவின் பென்டிரைவ் ஒன்றில் இருக்கின்றன. அது மூத்தவர் வீட்டில். யாருக்கு வேண்டுமோ அவர் சான்றிதழ் நகலோடு போய், நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிவர வேண்டும். பக்கத்திலேயே டிடிபி கடையில் வண்ணத்தில் சின்ன ஸ்டிக்கராக அடித்துக்கொள்கிறோம். யார், எத்தனை, எந்த லாட்டுக்கு என்று நோட்டில் கணக்கு. வங்கியில் இரட்டைச் சாவிப் பெட்டகம் என்போம், ஒருவர் சாவியால் மட்டும் திறக்காது. இந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். அந்த அளவுக்காவது என் தப்பு குழுவுக்குப் பயன்பட்டது.

மிச்சமிருந்த லேபிள்களைக் கிழித்து எரு குழியில் போடலாம் என்று பார்த்தேன். வீட்டுக்காரம்மா தடுத்துவிட்டார். “பசை தடவின தாளு, குழியில போடாதீங்க” என்றார். அதுவும் சரிதான். ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடுப்பங்கரைப் பக்கமே விடாமல் குப்பை வண்டியில் ஏற்றினோம். அந்த ஒரு தாளைக் கணினிக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

போன அறுவடைக்கு முன் என் நிலத்துக்கு ஆர்கானிக் சான்று வந்தது. மூத்தவர் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, ஸ்டிக்கர் அடித்துக்கொண்டேன். சந்தைக்கு டீச்சரம்மா வந்தார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். “இந்த வாட்டி நிஜமாவே முடிஞ்சிருச்சா சார்?” என்று சிரித்தார். சான்றிதழ் நகலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். நின்று முழுக்கப் படித்துவிட்டுத்தான் இரண்டு கிலோ வாங்கினார்.